கூப்பிட்டதும் வந்தவர்கள்: சாம் ஹியூஸும் கனடாவின் தன்னார்வப் படையும்

1914 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, கனடாவின் தலைநகர் ஆட்டவாவிலிருந்து 226 தந்திகள் புறப்பட்டன. நாடு முழுக்கச் சிதறிக் கிடந்த மிலிஷியா எனும் ஊர்ப்படைப் பிரிவுகளின் தலைவர்களுக்குப் போன தந்திகள் அவை. உங்கள் பகுதியில் போருக்குத் தகுந்த ஆட்களைத் திரட்டுங்கள், பட்டியலை நேராக ஆட்டவாவுக்கு அனுப்புங்கள் என்பதுதான் செய்தி. இடையில் இருந்த மாவட்டத் தளபதிகளுக்கு இதில் எந்த வேலையும் இல்லை. அனுப்பியவர் படைத்துறை அமைச்சர் சாம் ஹியூஸ். பிரிட்டன் ஜெர்மனி மீது போர் அறிவித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அன்றைக்குக் கனடா பேரரசின் ஓர் அங்கம் என்பதால், பிரிட்டன் போரில் இறங்கினால் கனடாவும் இறங்கியதாகவே பொருள்.

இதற்கென்று அவருடைய அமைச்சகத்தின் கையில் ஏற்கெனவே ஒரு திட்டம் இருந்தது. கர்னல் வில்லோபி குவாட்கின் 1911இல் தயாரித்தது. எந்த வட்டாரத்திலிருந்து எத்தனை பேர், எங்கே கூடுவது, எந்த வரிசையில் கிளம்புவது என்று ஒரு காலாட்படை டிவிஷனையும் ஒரு குதிரைப்படைப் பிரிகேடையும் கடல் தாண்டி அனுப்புவதற்கான ஏற்பாடு அதில் எழுதப்பட்டிருந்தது. ஒண்டாரியோவில் பெட்டவாவா என்ற இடத்தில் முகாமும் தயாராக இருந்தது. ஹியூஸ் இரண்டையும் தள்ளி வைத்துவிட்டார்.

ஹியூஸைக் கோமாளியாகக் காட்டும் கதைகள் கனடாவில் நிறைய உண்டு. அந்தக் கதைகளோடு நின்றுவிட்டால் முக்கியமான ஒன்றைத் தவறவிடுவோம். கட்டாயம் இல்லாமல், சம்பளப் பட்டாளமும் இல்லாமல், தானாக வந்த மனிதர்களை வைத்து ஒரு தேசியப் படையைக் கட்டினார் அவர். அப்படி வருகிறவன் ஒரு பேச்சை நம்பி வருகிறான். நல்ல ஆயுதம் கிடைக்கும், சேர்ந்து வந்த ஊர்க்காரர்களோடு நிற்கலாம், தன்னையும் இந்த நாட்டுக்காரனாக மதிப்பார்கள் என்பது அந்த நம்பிக்கை. இந்த மூன்றும் எங்கே எப்படி உடைந்தன என்பதைத்தான் நான் இங்கே பார்க்க விரும்புகிறேன்.

ஆள் யார்

1853இல் ஒண்டாரியோவில் பிறந்தவர். பள்ளி ஆசிரியராக இருந்தார். அப்புறம் லிண்ட்சே என்ற சிற்றூரில் ஒரு பத்திரிகையை வாங்கி நடத்தினார். 1892 முதல் நாடாளுமன்ற உறுப்பினர். மது தொடாதவர். புராட்டஸ்டன்ட் விசுவாசத்தையும் பிரிட்டிஷ் முடியாட்சியையும் உயிராகக் கருதிய ஆரஞ்சு சங்கத்தில் தீவிரமாக இருந்தவர். பிரெஞ்சு பேசும் க்யூபெக் மாகாணத்தின் விஷயத்துக்கு வரும்போது இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவருடைய படைக் கொள்கை தென்னாப்பிரிக்காவில் உருவானது. போயர் போரில், துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த விவசாயிகள் பேரரசின் சீருடைப் படையைத் திணறடித்ததை அவர் நேரில் பார்த்தார். பிரிட்டிஷ் அதிகாரிகளைக் கடுமையாக விமர்சித்து எழுதிய கடிதங்கள் பத்திரிகைகளில் வெளியாக, வீட்டுக்கு அனுப்பப்பட்டார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை தமக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் போரிலிருந்து இரண்டு முடிவுகளை மனதில் ஆழமாகப் பதித்துக்கொண்டு வந்தார். குறி தவறாமல் சுடும் குடிமகன் சம்பளச் சிப்பாயைவிட மேலானவன். முழுநேர ராணுவ அதிகாரி என்பவன் முட்டுக்கட்டை.

1911இல் ராபர்ட் போர்டன் பிரதமரானபோது, கட்சியில் தமக்கு விசுவாசமாக நின்றவர் என்பதால், தயக்கத்தோடுதான் இவரை அமைச்சராக்கினார். அன்றைய கனடாவில் முழுநேரப் படை என்பது சுமார் 3,000 பேர். மிலிஷியா, அதாவது ஆண்டுக்குச் சில நாள் பயிற்சி எடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பும் ஊர்ப்படை, ஏட்டில் 70,000க்கும் மேல். அதை நம்பியே ஹியூஸ் நாடு முழுக்கப் பயிற்சிக்கூடங்கள் கட்டினார், மாணவர் படையை வளர்த்தார்.

வால்கார்டியர்

பெட்டவாவாவை விட்டுவிட்டு ஹியூஸ் தேர்ந்தெடுத்த இடம், க்யூபெக் நகரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தள்ளியிருந்த வால்கார்டியர். போர் தொடங்கியபோது அங்கே காடும் சில பண்ணைகளும்தான் இருந்தன. மர வியாபாரி வில்லியம் பிரைஸிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. சில வாரங்களில் ரயில் பாதை வந்தது, குடிநீர்க் குழாய் வந்தது, மின்சாரம் வந்தது. 1,500 இலக்குகள் கொண்ட துப்பாக்கி சுடும் திடலும் எழுந்தது. செப்டம்பரில் அங்கே 32,000 பேருக்கு மேல் கூடாரம் போட்டிருந்தார்கள். இந்தச் சாதனையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அவ்வளவு வேகமாக வேறு யாரும் செய்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

ஆனால் முகாமுக்குள் ஒழுங்கு என்பது அமைச்சரின் மனநிலையைப் பொறுத்திருந்தது. சீருடை போட்டுக்கொண்டு குதிரையில் வந்து இறங்குவார். நின்ற இடத்திலேயே ஒருவருக்குப் பதவி உயர்வு கொடுப்பார், இன்னொருவரைச் சிப்பாய்கள் முன்னாலேயே திட்டித் தீர்ப்பார். பழைய மிலிஷியா ரெஜிமென்ட்களின் பெயர்களை விட்டுவிட்டு, எண் போட்ட, ஏறக்குறைய ஆயிரம் பேர் கொண்ட புதிய பட்டாலியன்களாக எல்லாரையும் கலந்து அடுக்கினார். அமைப்பு திரும்பத் திரும்ப மாறியதால் தன் தளபதி யார் என்றே சிலருக்குத் தெரியாத நிலை. நாட்டிடம் இருந்த ஒரே முழுநேரக் காலாட்படையான ராயல் கனடியன் ரெஜிமென்டை அவர் எங்கே அனுப்பினார் தெரியுமா? காவல் பணிக்காக பெர்முடா தீவுக்கு. புதிதாக வந்த ஆயிரக்கணக்கானோருக்குப் பயிற்சி கொடுக்கத் தெரிந்தவர்கள் அட்லாண்டிக் தீவொன்றில் உட்கார்ந்திருந்தார்கள். இதற்கு நியாயம் சொல்லும் ஒரு வாதத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

வந்தவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். முதல் அணியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் பிரிட்டனில் பிறந்து கனடாவில் குடியேறியவர்கள். பிறந்த மண்ணின் பாசம் அவர்களை இழுத்தது. 1913 முதல் நிலவிய வேலையின்மையும் ஒரு காரணம். சிப்பாய்க்கு நாளொன்றுக்கு ஒரு டாலரும் படியாகப் பத்து சென்ட்டும் கிடைக்கும். திருமணமானவர் என்றால் மனைவியின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். அந்த விதி 1915 ஆகஸ்ட் வரை இருந்தது. எத்தனையோ பேரை மனைவிமார் கையெழுத்துப் போடாமல் தடுத்திருக்கிறார்கள். தன்னார்வம் என்ற சொல்லுக்கு அந்தச் சிறிய காகிதத்தைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. போகிறவன் மட்டுமல்ல, அனுப்புகிறவளும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

அக்டோபர் 3ஆம் தேதி, காஸ்பே விரிகுடாவிலிருந்து 30க்கும் மேற்பட்ட கப்பல்களில் சுமார் 31,000 பேரும் 7,000 குதிரைகளும் கிளம்பினார்கள். போர் அறிவித்து இரண்டே மாதம். ஏற்றியதில் மட்டும் பெருங்குழப்பம். ஒரு பிரிவின் ஆட்கள் ஒரு கப்பலில், அவர்களுடைய வண்டிகளும் சாமான்களும் வேறு கப்பலில். இங்கிலாந்தில் இறங்கியதும் பிரித்து ஒழுங்குபடுத்தவே நாட்கணக்காயிற்று. சாலிஸ்பரி சமவெளியில் அந்தக் குளிர்காலம் முழுக்க மழை, சேறு. கனடாவிலிருந்து போட்டுக்கொண்டு வந்த பூட்ஸ்கள் சேற்றில் ஊறிப் பிய்ந்தன. பூட்ஸ் விவகாரம் அடுத்த ஆண்டு நாடாளுமன்ற விசாரணை வரை போனது.

துப்பாக்கி

ராஸ் துப்பாக்கியின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிர்கள் போனது இங்கேதான்.

ஸ்காட்லாந்துப் பிரபு சார்லஸ் ராஸ் வடிவமைத்து, க்யூபெக் நகரில் தொழிற்சாலை வைத்துத் தயாரித்த துப்பாக்கி அது. பிரிட்டனின் லீ என்ஃபீல்ட் துப்பாக்கியைத் தருவிப்பதில் சிக்கல் வந்ததால், நாமே செய்துகொள்வோம் என்று ஹியூஸ் அமைச்சராவதற்கு முன்பே கனடா எடுத்த முடிவு. குறைசொல்ல முடியாத முடிவுதான். சுடும் போட்டிகளில் ராஸ் பரிசுகளை அள்ளியது. குறிபார்த்துச் சுடுவதையே வீரத்தின் உச்சமாக நினைத்த ஹியூஸுக்கு அது கோயில் விக்கிரகம் மாதிரி ஆகிவிட்டது.

போட்டித் திடலில் நேர்த்தியாக இருந்ததே பதுங்குகுழியில் பகையானது. ராஸின் தோட்டா அறை மிக இறுக்கமானது. கனடாவில் நுணுக்கமாகச் செய்த தோட்டா கச்சிதமாகப் பொருந்தும். பிரிட்டனில் அவசரகதியில் லட்சக்கணக்கில் செய்த தோட்டாக்கள் ஒரு மயிரிழை பருமனாக இருந்தன. தொடர்ந்து வேகமாகச் சுட்டு குழல் சூடேறியதும் காலித்தோட்டா உள்ளேயே பிடித்துக்கொள்ளும். தோட்டா அறையை மூடித் திறக்கும் போல்ட்டைக் கையால் இழுத்தால் வராது. காலால் உதைத்து, மண்வெட்டியால் அடித்துத் திறக்க வேண்டும். அப்படி அடிக்க அடிக்க போல்ட்டின் பற்களும் சிதைந்தன. சேறு பட்டால் நிலைமை இன்னும் மோசம். சுடும் அதிர்ச்சியில் முனையில் மாட்டிய கத்தி கழன்று விழுந்ததும் உண்டு.

1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே ஜெர்மானியர் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். பக்கத்தில் இருந்த பிரெஞ்சுப் படைவரிசை உடைய, இடைவெளியை அடைத்து நின்றது கனடாவின் முதல் டிவிஷன். இரண்டு நாள் கழித்து வாயு அவர்கள் மீதே வந்தது. ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, மூச்சுத் திணறியபடி, எதிரே ஏறி வரும் ஆட்களைச் சுட வேண்டிய நேரத்தில் துப்பாக்கிகள் அடைத்துக்கொண்டன. அந்தச் சண்டையில் கனடியருக்கு நேர்ந்த இழப்பு, இறந்தவர், காயமுற்றவர், பிடிபட்டவர் எல்லாம் சேர்த்து 6,000க்கும் மேல். உயிரோடு மீண்ட சுமார் 5,000 பேரில் 1,452 பேர் தங்கள் ராஸை எறிந்துவிட்டு, செத்துக்கிடந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் லீ என்ஃபீல்டை எடுத்து வைத்திருந்தார்கள். மேலிடத்து உத்தரவு எதுவும் அதற்கு இல்லை. கையில் இருப்பது தன்னைக் காப்பாற்றாது என்று அத்தனை பேருக்கும் தனித்தனியாகத் தெரிந்திருந்தது.

இவ்வளவு தெளிவான சான்று வேறென்ன வேண்டும்? ஜூனில் அந்த டிவிஷனுக்கு லீ என்ஃபீல்ட் கொடுக்கப்பட்டது. ஆனால் பின்னால் வந்த டிவிஷன்கள் மறுபடி ராஸோடுதான் வந்தன. ராஸைக் குறை சொல்வதைத் தம் மீதான தாக்குதலாகவே ஹியூஸ் எடுத்துக்கொண்டார். கனடியப் படையின் பிரிட்டிஷ் தளபதி ஆல்டர்சன் அதன் குறைகளை எழுதி அனுப்பியபோது, ஹியூஸ் அவருக்கு எதிராகக் காட்டமான கடிதம் எழுதி, அதன் பிரதிகளைப் படை அதிகாரிகளுக்கெல்லாம் சுற்றுக்கு விட்டார். 1916 மே மாத இறுதியில் ஆல்டர்சன் மாற்றப்பட்டு, பிங் என்ற இன்னொரு பிரிட்டிஷ் ஜெனரல் வந்தார். ராஸ் முழுவதுமாக விலக்கப்பட்டது அந்த ஆண்டு கோடை முடியும்போதுதான். மறைந்திருந்து நிதானமாகச் சுடும் ஸ்னைப்பர்கள் மட்டும் போர் முடியும் வரை அதை விரும்பி வைத்திருந்தார்கள். துப்பாக்கி நல்லதுதான், கொடுத்த வேலைதான் தவறு.

ஹியூஸ் ஆதரித்த இன்னொரு கருவியான கேடய மண்வெட்டி பற்றி ஒரே பத்தி போதும். தகட்டில் ஒரு துளை, அதன் வழியே துப்பாக்கியை நீட்டிச் சுடலாம், வேண்டாதபோது மண் அள்ளலாம் என்பது யோசனை. காப்புரிமை அமைச்சரின் பெண் செயலாளர் பெயரில் இருந்தது. 25,000 வாங்கினார்கள். தகடு தோட்டாவைத் தடுக்கவில்லை, துளை மண்ணைப் பிடிக்கவில்லை. கடைசியில் பழைய இரும்பு விலைக்குப் போனது.

கலைக்கப்பட்ட பட்டாலியன்கள்

1915 கோடையில் போர்டன் அரசு வைத்த இலக்கு 1,50,000 பேர். அக்டோபரில் 2,50,000. 1916 புத்தாண்டுச் செய்தியில் அதை 5,00,000 என்று உயர்த்தினார் பிரதமர். கனடாவின் மொத்த மக்கள்தொகையே அப்போது சுமார் 80 லட்சம்தான். குழந்தைகள், முதியோர், பெண்கள், விவசாயத்துக்கும் ஆலைக்கும் தேவையானவர்கள் எல்லாரையும் கழித்துவிட்டு யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

இலக்கை எட்ட ஹியூஸ் கண்ட வழி, ஊர்ப் பெரிய மனிதர்கள். செல்வாக்குள்ள ஒருவர் ஒரு பட்டாலியனைத் திரட்ட முன்வந்தால் அவருக்குக் கர்னல் பட்டம். அவருக்கு ராணுவம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஸ்காட்லாந்து வம்சாவளிக்கு ஒரு பட்டாலியன், ஐரிஷ்காரர்களுக்கு ஒன்று, விளையாட்டு வீரர்களுக்கு ஒன்று, எல்லை தாண்டி வந்த அமெரிக்கர்களுக்கு ஒன்று, உயரம் குறைந்தவர்களுக்கென்றே தனியாக. உன் நண்பர்களோடு சேர், உன் ஊர்க்காரரின் தலைமையில் போ, ஒன்றாகப் போரிடு, ஒன்றாகத் திரும்பு. இந்த அழைப்பு வேலை செய்தது. 1916 மார்ச்சில் ஒரே மாதத்தில் 30,000க்கும் அதிகமானோர் சேர்ந்தார்கள்.

பட்டாலியன் எண்கள் 260 வரை போயின. போர்முனையிலோ கனடாவுக்கு நான்கு டிவிஷன்கள், டிவிஷனுக்குப் பன்னிரண்டு வீதம் 48 காலாட்படைப் பட்டாலியன்களுக்குத்தான் இடம். மீதிக்கு என்ன ஆகும்? இங்கிலாந்தில் இறங்கியதும் கலைக்கப்படும். ஆட்கள் பத்து, ஐம்பது, நூறாகப் பிரிந்து, முன்பின் தெரியாதவர்களின் பட்டாலியன்களில் இறந்தவர்களின் இடத்தை நிரப்பப் போவார்கள். அவர்களைத் திரட்டிய கர்னல்கள் வேலையில்லாமல் லண்டன் ஹோட்டல்களிலும் முகாம்களிலும் சுற்றிக்கொண்டிருப்பார்கள்.

போரில் வலுவூட்டல் தேவை, அது எனக்கும் புரிகிறது. கலைக்கப்பட வேண்டியவைதாம் என்றால், முதலிலேயே அதைச் சொல்லிச் சேர்த்திருக்கலாம். வலுவூட்டலுக்கென்று பயிற்சி நிலையங்கள் அமைத்திருக்கலாம். ஒரு கிராமத்துப் பையன் தன் அண்ணனோடும் பக்கத்து வீட்டுக்காரனோடும் பேண்டு வாத்தியம் முழங்க ரயிலேறியபோது, அவன் தொப்பியில் இருந்த பட்டாலியன் முத்திரை ஒரு வருடம்கூட நீடிக்காது என்று மேலே இருந்தவர்களுக்குத் தெரியும். ஊருக்கு வந்த கடிதங்களில் அந்த ஏமாற்றம் எழுதப்பட்டது. அடுத்த பையன் அதைக் கேட்டான். ஆண்டு முடிவில் மாதாந்தரச் சேர்க்கை 10,000க்கும் கீழே இறங்கிவிட்டது. அதே வேளையில் பிரான்ஸின் சொம் போர்முனையில் மட்டும் கனடா 24,000 பேரை இறப்பிலும் காயத்திலும் இழந்திருந்தது.

ஆள் கிடைக்காதபோது ‘தன்னார்வம்’ என்ன ஆகும் என்பதற்கு ஒண்டாரியோவின் பெர்லின் நகரம் உதாரணம். ஜெர்மானிய வம்சாவளியினர் நிறைந்த ஊர். அங்கே 118ஆவது பட்டாலியனைத் திரட்டியவர்கள் தெருவில் போகிற இளைஞர்களைப் பிடித்து இழுத்துச் சேர்ப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். ஜெர்மானியர்களின் மன்றத்துக்குள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். 1916 செப்டம்பரில் ஊரின் பெயரே கிச்சனர் என்று மாற்றப்பட்டது.

அழைக்கப்படாதவர்கள்

க்யூபெக்கில் நடந்ததுதான் ஹியூஸ் செய்தவற்றிலேயே பெரிய தவறு என்பேன். துப்பாக்கியை மாற்ற முடிந்தது. இதை மாற்ற முடியவில்லை.

முதல் அணியில் பிரெஞ்சு பேசும் பட்டாலியன் ஒன்றுகூட இல்லை. வந்த பிரெஞ்சுக் கனடியர்கள் ஆங்கிலப் பிரிவுகளுக்குள் சிதறடிக்கப்பட்டார்கள். கட்டளை, பயிற்சி எல்லாம் ஆங்கிலம். மக்கள் கூட்டம் போட்டுக் கேட்ட பிறகே அக்டோபரில் 22ஆவது பட்டாலியனுக்கு அனுமதி கிடைத்தது. 1916 செப்டம்பரில் கூர்செலெட் கிராமத்தைப் பிடித்துக் காத்து நின்றவர்கள் அவர்கள். பிரெஞ்சுக் கனடியரில் மிக அனுபவம் வாய்ந்த முழுநேர அதிகாரியான ஜெனரல் லெஸார்டுக்குப் போர்முனையில் பொறுப்பே தரப்படவில்லை. கத்தோலிக்கர்கள் பெரும்பான்மையாக உள்ள மாண்ட்ரியல் பகுதியில் ஆள்சேர்ப்புக்குத் தலைமையாக ஒரு புராட்டஸ்டன்ட் போதகர் இருந்தார். அதே காலத்தில் ஒண்டாரியோ மாகாணம் பள்ளிகளில் பிரெஞ்சு வழிக் கல்வியைச் சுருக்கியிருந்தது. வீட்டில் எங்கள் மொழிக்கு இடமில்லை, வெளியே போய் எந்த உரிமைக்காகச் சாக வேண்டும் என்று க்யூபெக்கின் தேசியவாதத் தலைவர் ஆன்ரி பூராசா கேட்டபோது, பதில் சொல்ல ஹியூஸிடம் எதுவும் இல்லை. மொழியின் மேல் கைவைத்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

கறுப்பினத்தவர் தொண்டர்களாக வந்தபோது, நிறத்தடை இல்லை என்று அமைச்சகம் எழுதியது. சேர்ப்பதா வேண்டாமா என்பது அந்தந்தத் தளபதியின் விருப்பம் என்று விட்டுவிட்டது. பெரும்பாலான தளபதிகள் திருப்பி அனுப்பினார்கள். 1916 ஜூலையில்தான் நோவா ஸ்கோஷியாவில் அவர்களுக்கென ஒரு கட்டுமானப் பட்டாலியன் அமைந்தது. துப்பாக்கி கேட்டு வந்தவர்கள் கையில் மண்வெட்டியும் கோடாரியும் கொடுக்கப்பட்டன.

வீழ்ச்சி

1916 தொடக்கத்திலேயே அமைச்சரின் நெருங்கிய நண்பர் ஒருவர் வெடிகுண்டுத் திரி ஒப்பந்தங்களில் தரகு பார்த்தது வெளியே வந்தது. விசாரணை ஆணையம் ஹியூஸைக் குற்றமற்றவர் என்றது. நானும் அவர் பணத்துக்கு ஆசைப்பட்டவர் என்று நினைக்கவில்லை. தம் நண்பன் தப்பு செய்வான் என்பதை அவரால் நம்ப முடியவில்லை, அவ்வளவுதான். அவருடைய பலவீனமே அந்த விசுவாசம்தான்.

இங்கிலாந்தில் நிர்வாகம் இதைவிடச் சிக்கல். கார்சன், மெக்டூகல், ஸ்டீல் என்று மூன்று ஜெனரல்கள், அங்கிருந்த கனடியப் படைக்குத் தாமே பொறுப்பு என்று ஆளுக்கொரு பக்கம் உத்தரவு போட்டார்கள். மூவருக்குமே ஹியூஸ் அப்படி ஒரு நம்பிக்கையைக் கொடுத்திருந்தார். பொறுமையிழந்த போர்டன், கடல் கடந்த படைகளுக்கெனத் தனி அமைச்சகத்தை லண்டனில் அமைத்து ஜார்ஜ் பெர்லியை அமர்த்தினார். ஹியூஸ் பிரதமருக்கு ஆவேசமாகக் கடிதம் எழுதினார். பதவி விலகச் சொல்லிப் பதில் வந்தது. 1916 நவம்பர் 11ஆம் தேதி அவர் விலகினார்.

அவர் போகும்போது 3 லட்சத்துக்கும் அதிகமானோர் சேர்ந்திருந்தார்கள். கனடியர்கள் பிரிட்டிஷ் படைகளுக்குள் கரைந்துவிடாமல் சொந்த டிவிஷன்களாக நின்றதில் அவருடைய பிடிவாதத்துக்கும் பங்கு உண்டு. விக்டோரியா நகரில் நில வியாபாரம் செய்துகொண்டிருந்த ஆர்தர் கரியை 1914இல் பிரிகேடு தளபதியாக்கியது அவர்தான். கரி பின்னாளில் கனடியப் படை முழுவதற்கும் தலைவராகி, அந்தப் போரின் திறமையான தளபதிகளில் ஒருவராகப் பெயரெடுத்தார். ஆனால் ஹியூஸின் மகன் கார்னட்டுக்குப் போர்முனை டிவிஷன் ஒன்றைக் கொடுக்க மறுத்ததால், அதே கரியை 1919இல் நாடாளுமன்றத்தில் நின்று சிப்பாய்களின் உயிரை வீணாக்கியவர் என்று பழித்தார் ஹியூஸ். 1921இல் இறந்தார். அந்தப் பழியைத் திரும்ப அச்சிட்ட ஒரு சிறு பத்திரிகை மீது கரி வழக்குப் போட்டு 1928இல் வென்றார்.

தன்னார்வம் வற்றிப்போன இடத்தில் 1917இல் கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டம் வந்தது. க்யூபெக் கொதித்தது. 1918 ஈஸ்டர் திங்களன்று க்யூபெக் நகரத் தெருவில் ராணுவம் சுட்டதில் பொதுமக்கள் நான்கு பேராவது இறந்தார்கள்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். போர் தொடங்குவதற்குச் சரியாகப் பன்னிரண்டு நாள் முன்பு, 1914 ஜூலை 23ஆம் தேதி, இந்தியர்கள் வந்த கோமகட்டா மாரு கப்பலைக் கனடா வான்கூவர் துறைமுகத்திலிருந்து திருப்பி அனுப்பியிருந்தது. அந்த நாட்டுக்காகவே அடுத்த ஆண்டு வசந்தத்தில் ஒண்டாரியோவில் பக்கம் சிங் என்ற பஞ்சாபி இளைஞர் பெயர் கொடுத்தார். அந்தப் படையில் சேர்ந்த சீக்கியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. 1916இல் பெல்ஜியத்தில் இரண்டு முறை காயப்பட்டார், காசநோய் பிடித்தது, 1919இல் தனியாக இறந்தார். பஞ்சாபில் இருந்த மனைவியை அழைத்துவர அன்றைய குடியேற்றச் சட்டம் இடம் கொடுத்திருக்கவில்லை. அவருடைய பதக்கம் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து லண்டனில் ஓர் அடகுக்கடையில் கிடைத்தது. அதைத் தொடர்ந்து தேடிப் போனபோதுதான் கல்லறை தெரியவந்தது. ஒரு காலத்தில் பெர்லின் என்று பெயர் இருந்த அதே கிச்சனர் நகரத்தில் அது இருக்கிறது. இப்போது ஒவ்வொரு நவம்பரிலும் அங்கே கூட்டம் கூடுகிறது.